நான் நிராகரித்த உன் ஆய்வுச் சுருக்கம்

நேற்று காலை மாமல்லபுரத்தில், கடலோர விடுதி ஒன்றின் கருத்தரங்க மண்டபத்து வாசலில், பதிவு மேசையில் இருந்த பெண்மணி என்னிடம் இரண்டு பெயர் அட்டைகளை நீட்டினார். நீல நாடா கோத்த அட்டைகள். ஒன்றில் என் பெயர். மற்றதில் உன் பெயர், அதன் கீழே 'ஆய்வாளர், கோவளம்'.

"இன்னொரு மேடம் பின்னால வர்றாங்களா?" என்று கேட்டார்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. ஒருங்கிணைப்பாளருக்கு நான் முன்பே எழுதியிருந்தேன். நிகழ்ச்சி நிரலில் உன் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று சேர்த்தும் இருந்தார்கள். அட்டை அடித்தவர்களுக்குத்தான் தகவல் போகவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண்மணியிடம் சொல்லியிருக்கலாம். "வரமாட்டாங்க" என்பது மட்டும்தான் என் வாயில் வந்தது.

"பரவால்ல, மத்தியானத்துக்கு மேல வந்தா நீங்களே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

வெளியே வந்து மதிலோரம் நின்றேன். இரண்டு அட்டைகளும் என் கையில் இருந்தன. உன்னை மண்ணில் இறக்கிய அன்றுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அன்று உடம்பு மரத்துப் போயிருந்தது. நேற்றுதான் யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. உள்ளே பேச வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கே நின்றபடி உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை இன்று செங்கல்பட்டில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்றை எட்டு மாதத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்தவள் நான்.

முதுகலை வகுப்பின் முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். தொடர்பியல் துறையில் நாம் பதினெட்டுப் பேர். நீ கோவளத்து மீனவர் வீட்டிலிருந்து வந்திருந்தாய். நான் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் வளர்ந்தவள். என் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எந்த ஊர் என்று கேட்டாய். சொன்னேன். "அப்ப நீ கடல வேலிக்கு இந்தாண்ட நின்னு பாத்தவ" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். பிறகு இரண்டு வருஷமும் அந்த இடத்தை விட்டு நீ எழுந்திருக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் நம் பாதைகள் பிரிந்தன. நான் விடாமல் படித்து முனைவர் பட்டம் வாங்கினேன். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. நீ ஒரு சமுதாய வானொலியில் பத்து வருஷத்துக்கும் மேலாக மைக்கின் முன்னால் இருந்தாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தக் கரையில் என்ன மீன் பட்டிருக்கிறது என்று தினமும் சொன்னாய். அந்த நிலையம் மூடப்பட்டபோது உனக்கு நாற்பதை நெருங்கிய வயது. "இனிமே நானும் உன்ன மாரி டாக்டராவுறேன்" என்று பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்தாய். வானொலி நேயர்களைப் பற்றிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது அந்தத் தலைப்பு மட்டும்தான்.

கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது எப்படி என்று ஒரு முறை உன் தங்கை ஷீலாவுக்கு நீ விளக்கினாய். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "நீ இன்னா ஆராய்ச்சி பண்ணப் போறன்னு முந்நூறு வார்த்தைல எழுதி அனுப்பணும். அதுல உன் பேரு இருக்கக் கூடாது. யாரோ ரெண்டு பேரு படிச்சிட்டு வேணும், வேணான்னு சொல்லுவாங்க. அவங்க யாருன்னு உனக்குத் தெரியாது. நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியாது."

"கண்ணக் கட்டிக்கினு வெளாட்ற மாரியா?" என்றாள் ஷீலா.

"அதே மாரிதான்" என்றாய் நீ. நான் சிரித்தேன்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நான் அவ்வப்போது இருந்திருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், வெளி மாநிலத்தில் நடந்த ஒரு கருத்தரங்குக்காக எனக்குப் பத்துச் சுருக்கங்கள் வந்தன. அது தேர்வுத்தாள் திருத்தும் நேரம். ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் படித்துக் குறிப்பு எழுதினேன். ஏழாவதோ எட்டாவதோ, ஒரு மீனவ ஊரைப் பற்றியது. ஆண்கள் படகில் போன பிறகு, கைப்பேசியில் சிக்னல் அறுந்து போவதற்குள் அவர்களுடைய வீட்டுப் பெண்கள் அனுப்பும் கடைசிக் குரல்செய்தியில் என்ன இருக்கிறது என்று ஆராயப் போவதாக எழுதியிருந்தது. ஊரின் பெயர் இல்லை. ஆங்கிலம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. புத்தகங்களிலிருந்து எடுத்து ஒட்டவைத்த பெரிய பெரிய சொற்கள். எத்தனை பெண்கள், எப்படிக் கேட்பது, எப்படிப் பகுப்பது என்று ஒரு வரியும் இல்லை.

நான் எழுதினேன்: இதில் ஆய்வு முறை இல்லை. இது வீட்டுக் கதை. எழுதியவர் அந்த ஊர்க்காரர் என்று தெரிகிறது; தன் ஊரிலிருந்து ஓரடி தள்ளி நிற்க அவருக்குத் தெரியவில்லை. இத்துறைக்கு வருமுன் அடிப்படைப் பயிற்சி பெறுவது நல்லது.

அந்தக் கடைசி வரி தேவையே இல்லை. இடமிருந்தது, எழுதினேன். அப்புறம் டீ குடிக்கப் போனேன்.

உன்னை அடையாளம் தெரியவில்லையா என்று என்னையே பல முறை கேட்டுவிட்டேன். தெரியவில்லை. உன் இருமலைக் கேட்டே உன்னைச் சொல்லிவிடுவேன். முந்நூறு வார்த்தையில் உன்னைத் தெரியவில்லை. அந்த ஆங்கிலத்தில் நீ வேறு யாரோவாக இருந்தாய். வேறு யாரோ என்றால் அப்படி எழுதலாமா என்று நீ கேட்கலாம்.

கொஞ்ச நாள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் நீ செங்கல்பட்டுக்கு வந்தாய். கல்லூரி விடும் நேரத்தில் வாசலில் நின்றிருந்தாய். கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கும் டீக்கடைக்குப் போனோம். நீ பெஞ்சில் உட்கார்ந்ததும் போனை எடுத்தாய்.

"உன்கிட்ட சொல்லாமலே ஒரு கான்பரன்ஸுக்கு எழுதிப் போட்டேன். கெடச்சா திடீர்னு சொல்லலாம்னு இருந்தேன். கெடைக்கல."

"எதைப் பத்தி?"

"எங்கூரு பொம்பளைங்க போட்டுக்கு அனுப்பற வாய்ஸ் மெசேஜு."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். நீ ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா தப்புன்னு எழுதி அனுப்பிக்கிறாங்க. இங்கிலீசுல கீது. அதுல படிச்சா எனக்குக் கோவமே வரமாட்டேங்குது. வேற யாரையோ திட்ற மாரி கீது. நீ தமிழ்ல சொல்லு."

வாங்கினேன். என் வரிகள். நான் போட்ட அரைப்புள்ளிகூட அப்படியே இருந்தது. காதில் ஏதோ இரைந்தது. எதிரில் ரயில் போனதா, அது என் ரத்தமா என்று தெரியவில்லை.

"ஆய்வு முறையை இன்னும் தெளிவா எழுதணும்னு சொல்றாங்க" என்றேன். "எழுதினவங்க அந்த ஊரா இருக்கறதால, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா நல்லாருக்கும்னு..."

"அவ்ளோதானா? கடைசில இன்னும் ஒரு வரி கீதே."

"அது எல்லாருக்கும் எழுதறதுதான். இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கலாம்னு."

நீ என் முகத்தைப் பார்த்தாய். கண்ணெடுக்காமல் பார்த்தாய். "சரி, நீ இன்னா சொல்ற? அவங்க சொல்றது கரெக்டா?"

அது சொல்ல வேண்டிய இடம். அவமானம் ஒரு பக்கம். உன்னிடம் அவமானப்படுவது என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம் என்பது இன்னொரு பக்கம். நம் இரண்டு பேரில் படித்தவள் நான் என்று உள்ளுக்குள் ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. "ஆய்வு முறை விஷயத்துல சரிதான்" என்றேன்.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடு" என்றாய்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் நான் கோவளத்துக்கு வந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கே பஸ் மாறி உன் ஊர். குற்ற உணர்ச்சியில்தான் முதலில் வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அது மறந்து போய், வேலைக்காகவே வந்தேன். நாம் முப்பது பெண்களைத் தேர்ந்தெடுத்தோம். அனுமதி கேட்டோம். அவர்கள் தங்கள் போனைத் திறந்து, பழைய குரல்செய்திகளை நமக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் கட்டம் போட்டுப் பகுத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

"கேஸு சிலிண்டரு வந்துடுச்சு." "தண்ணி லாரி இன்னிக்கு நம்ம தெருக்கு வந்துச்சு." "சின்னதுக்கு ஜுரம் வுட்டுடுச்சு, இட்லி துன்னுச்சு." ஒவ்வொன்றும் இப்படித்தான் இருந்தது. ஒரு கெட்ட செய்தியும் இல்லை. எனக்கு அது தற்செயலாகப் பட்டது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு செய்தியும் அனுப்பிய நாளன்று வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று தனியாகக் கேட்டு எழுதலாம் என்றாய். அதுதான் நம் ஆய்வையே திருப்பிப் போட்டது. 'ஜுரம் விட்டுவிட்டது' என்று சொன்ன நாளில் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தது. 'ஒன்றும் விசேஷமில்லை' என்ற நாளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது.

தெருமுனை வீட்டு அக்கா சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் கணவர் படகில் போய்க் கொஞ்ச நேரத்தில் அக்காவின் மாமியார் கண்ணை மூடிவிட்டார். சிக்னல் அப்போதும் இருந்தது. அக்கா போனை எடுத்து, "எல்லாம் நல்லாகீது, நீ பாத்து வா" என்று அனுப்பியிருக்கிறார். மதியம் கணவர் மீன் கூடையோடு வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

"ஏங்க்கா சொல்லல? அவரோட அம்மா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"சொல்லி? அந்தாண்ட நடுத்தண்ணில ஒத்தையா உக்காந்துகினு அவுரு இன்னா பண்ணுவாரு? கைல வேல கீது. கரைக்கு வரட்டும்னு இருந்தேன்."

நீ அதை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். திரும்பி வரும் வழியில் நான் உன்னைக் கடிந்துகொண்டேன். தகவல் சேகரிக்கும்போது இப்படிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடிக்கக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும் என்றேன். அதே வார்த்தை. என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"தள்ளி நின்னா கேக்காதுடி" என்றாய். கோபமில்லாமல்தான் சொன்னாய். நான் காலடி மணலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எட்டு மாதத்தில் சுருக்கம் தயாரானது. இந்த முறை உன் தமிழில் முதலில் எழுதினோம், பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டு போனோம். மாமல்லபுரத்தில் கருத்தரங்கு நடக்கப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. கடைசித் தேதி ஒரு சனிக்கிழமை. மதியம் உன் வீட்டில் கரண்ட் போய்விட்டது. கணினிக் கடைக்கு ஓடினோம். பக்கம் திறக்கவே இல்லை. திறந்தால் பாதியில் நின்றது. நீ மாதாவைக் கூப்பிட்டாய், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். எழுதியவர் பெயர் கேட்ட கட்டத்தில் உன் பெயரை அடித்துவிட்டு, இரண்டாவதாக என் பெயரை அடிக்கத் தொடங்கினாய்.

"என் பேரு வேண்டாம். இது உன் வேலை."

"நீ இல்லாங்காட்டி இத நான் திருப்பி எழுதியே இருக்கமாட்டேன்" என்றாய் திரையைப் பார்த்தபடியே. "அது உனக்கே தெரியும்."

எனக்கு அன்று அதில் ஒன்றும் தெரியவில்லை. அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்ததும் நீ என் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாய்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வேலை முடிந்துவிட்டது, இனி சொன்னால் எதுவும் கெடாது என்று ஒரு கணக்கு.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு..."

பஸ் வந்து நின்றது. நீ என் பையை எடுத்து என் தோளில் மாட்டினாய். "அடுத்த வாரம் வருவ இல்ல? அப்ப சொல்லு. ஒண்ணும் அவசரம் இல்ல."

புதன்கிழமை இரண்டாவது வகுப்பில் போன் விடாமல் அதிர்ந்தது. ஷீலா. வெளியே வந்து எடுத்தேன்.

"அக்காவ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தோம்க்கா. தல வலிக்குதுன்னுச்சு, வாந்தி எடுத்துச்சு, அப்டியே சாஞ்சிடுச்சு. மூளைல நரம்பு வெடிச்சிடுச்சாம். போயிடுச்சுக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனை அவகிட்ட குடு" என்றேன். ஷீலா மறுபடியும் சொன்னாள். நான் மறுபடியும், "அவகிட்ட குடு ஷீலா, நான் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆண் போனை வாங்கி, "மேடம், பாடி இங்கதான் கீது, வாங்க" என்றார்.

பாடி. நாற்பத்து மூன்று வயது. நான்கு நாளைக்கு முன்னால் என் முதுகில் அடித்த கை. என் கல்லூரியிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். உன்னை என் ஊருக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, செய்தி அனுப்புபவர், பெறுபவர் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வகுப்புக்குள் திரும்பிப் போய், சாக்பீஸை எடுத்து, விட்ட இடத்திலிருந்து ஒரு வாக்கியம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து வந்து சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கினாள். அதன் பிறகுதான் போனேன்.

கோவளத்துக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அழுதார்கள். தெருமுனை அக்கா மார்பில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. 'அடுத்த வாரம் சொல்லு' என்று நீ சொன்னதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வந்தபோது பஸ் ஏறிவிட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் எங்கே போகிறேன் என்று உறைத்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து விளித்து வாழ்த்தியிருந்தார்கள். நம் ஆய்வு ஏற்கப்பட்டிருந்தது. மதிப்பிட்ட இரண்டு பேரின் குறிப்புகளும் கீழே இருந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: இதை எழுதியவர்கள் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதே இதன் வலிமை. அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தம் வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் ஷீலாவைப் பார்க்க வந்தேன். ஆய்வு ஏற்கப்பட்டதைச் சொன்னேன். அவள் உன் படத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். நான் கருத்தரங்குக்குப் போகலாமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். உன்னிடம் சொல்ல முடியாததை உன் தங்கையிடமாவது சொல்லிவிட நினைத்தேன்.

"மொத தடவ அவ எழுதி அனுப்பினதை வேண்டாம்னு சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா ஷீலா?"

அவள் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீதான்" என்றாள்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்காவுக்கு அன்னிக்கே தெரியும்க்கா. அவங்க அனுப்புன பைல்ல, தப்புன்னு எழுதுனவங்க பேரு ஒரு மூலைல ஒட்டிக்கினு இருந்துச்சாம். அழிக்க மறந்துட்டாங்க போல. என்ன இட்டுக்கினு போயி காட்டிச்சு. உன் பேரு, முழுப் பேரு."

"எப்ப? செங்கல்பட்டுக்கு வந்தாளே, அதுக்கு முன்னாலயா?"

"தெரிஞ்சிதானே உன்னப் பாக்க வந்துச்சு. காலைல கெளம்பறப்ப, 'இன்னிக்கு அவளே சொல்லிடுவா'ன்னு சொல்லிட்டுப் போச்சு. சாயங்காலம் வந்து, 'சொல்லல'ன்னுச்சு. அவ்ளோதான்."

"கோவப்பட்டாளா?"

"ரெண்டு நாளு சரியா துன்னல. அப்பறம், அதுல பாதி கரெக்டு, பாதி திமிருன்னுச்சு."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடையில் என் முகத்தை நீ பார்த்த பார்வை. விட்ட கடைசி வரியை நீ எடுத்துக் கொடுத்தது. 'அது உனக்கே தெரியும்' என்றது. பஸ் நிறுத்தத்தில், ஒன்றும் அவசரமில்லை என்றது. ஒவ்வொன்றாக என் மேல் விழுந்தன. நான் எட்டு மாதம் உன்னிடம் மறைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். நீ அத்தனை நாளும் எதிரில் உட்கார்ந்து, நான் மறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னை ஏன் கேக்கல?" என்றேன்.

ஷீலா மெஷினை நிறுத்தினாள். "நானும் அதேதான் கேட்டேன். மூஞ்சிக்கு நேரா கேளேன்னு. 'கேட்டா வெக்கப்பட்டுக்கினு வர்றத நிறுத்திடுவாடி. எனக்கு அவ வரணும்'னுச்சு."

அப்போதுதான் அழுதேன். நீ போய் ஒரு மாதம் கழித்து, உன் வீட்டுத் தரையில், ஷீலா தைத்துக்கொண்டிருந்த யாருடைய பாவாடையிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு. அவள் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள். பிறகு எழுந்து, "போயி பேசு. அக்கா பேர மொதல்ல சொல்லு. நானும் வரேன்" என்றாள்.

நேற்று வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையில், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என் முறை வந்தபோது உன் பெயரைச் சொன்னேன். பிறகு தாளைப் பார்க்காமல் சொன்னேன்: "இந்த ஆய்வை முதல் முறை நிராகரித்தவள் நான். எழுதியவர் என் தோழி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது." மண்டபத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலைமை வகித்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் தெருமுனை அக்காவின் செய்தியிலிருந்து ஆய்வைத் தொடங்கினேன்.

முடிந்ததும் ஷீலா என்னிடம் வந்தாள். "நல்லாதான் பேசின" என்றாள். "அக்காவா இருந்தா நடுவுல ரெண்டு வாட்டி சிரிக்க வெச்சிருக்கும்."

இருக்கும். எனக்கு உன்னைப்போல் பேச வராது. இன்னும் ஐம்பதுக்கு மேல் குரல்செய்திகள் எழுதியெடுக்க மீதி இருக்கின்றன. தெருமுனை அக்கா, "இன்னாத்துக்கு நிறுத்திப்புட்ட, வா" என்று ஷீலாவின் போனிலிருந்து திட்டிவிட்டார். வரும் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஷீலா சொன்ன நாளிலிருந்து நான் வேறொன்றையும் செய்துகொண்டிருக்கிறேன். உன் வீட்டில் கழிந்த அந்தச் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உனக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டு திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் வேறு நாளாக மாறிவிடுகிறது. எல்லாவற்றையும்விட முதல் சனிக்கிழமைதான் என்னை விடுவதில்லை. ஆய்வு முறை சொல்லித்தருகிறேன் என்று நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தேன். மதியம் வஞ்சிரக் குழம்பு. ஷீலா நடுத்துண்டை உன் தட்டில் வைத்தாள். நீ அதை எடுத்து என் தட்டில் வைத்தாய். ஷீலா உன்னை முறைத்தாள். நீ அவளைப் பார்க்கவே இல்லை. அக்கா தங்கைக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு, எண்ணிக்கை, மாதிரி, பகுப்பு என்று வாய் ஓயாமல் பேசியபடி அந்தத் துண்டை முழுவதும் சாப்பிட்டேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாய்.